புதன் இரவு எட்டு மணி: இந்தியப் பிள்ளைகளைக் கொழும்பு பிடித்துவைத்திருந்த கதை

வால்வு ரேடியோ போட்டவுடன் பாடாது. குமிழைத் திருகியதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் முகப்புக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம், அதன் பிறகு வால்வுகள் சூடேறும்வரை காத்திருப்பு. கொஞ்சம் விலை கூடிய பெட்டியென்றால் ஒரு பச்சைக் கண்ணும் இருக்கும். நிலையம் பிடிபடப் பிடிபட அந்தக் கண்ணில் இருக்கும் கறுப்புப் பிளவு ஒடுங்கிக்கொண்டே வரும். 1950-களில் பம்பாயிலும் பாட்னாவிலும் நாக்பூரிலும் புதன்கிழமை இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னால் இப்படிப் பெட்டிமுன் உட்கார்ந்த பிள்ளைகள் டெல்லி நிலையத்தைத் தேடவில்லை. 25, 31, 41 மீட்டர் என்று சிற்றலைக் கட்டங்களில் முள்ளை நூலளவு நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே கொழும்பைத் தேடினார்கள்.

பாட்டு அவர்கள் நாட்டுப் பாட்டு. பாடியவர், எழுதியவர், மெட்டுப்போட்டவர் எல்லாரும் பம்பாய்க்காரர்கள். இசைத்தட்டு கல்கத்தாப் பக்கம் டம்டமில் அச்சானது. ஆனால் அதைக் காற்றில் கேட்பதற்கு இன்னொரு நாட்டின் வானொலிக்குப் போக வேண்டியிருந்தது.

கொரியப் பாட்டும் ஜப்பானியப் பாட்டும் உலகத்துப் பிள்ளைகளைப் போய்ச் சேர்வதை இன்று எல்லாரும் வியந்து பேசுகிறோம். ஆசியாவின் வெகுஜனப் பாட்டு எல்லையைத் தாண்டி இளைஞர்களைப் பிடித்த பெரிய நிகழ்வொன்று அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கத்தில், பாக் நீரிணைக்கு அந்தப் புறம் நடந்துமுடிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: இந்திய அரசு வானொலியான ஆகாசவாணி சினிமாப் பாட்டைத் தடுத்தது, இலங்கை அரசின் ரேடியோ சிலோன் வாரிக்கொண்டது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். நேயர்கள் கொழும்புக்கு ஏன் வந்தார்கள் என்பதற்கு அந்த வரி போதும். வந்தவர்கள் ஏன் முப்பது வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது. இந்த ஆய்வில் நான் தேடுவது அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை.

ஏக்கலையில் நின்ற கருவி

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் தொடங்கிவைத்தது அது. ஆனால் இந்தக் கதைக்கு வேண்டிய கருவி வேறு. இரண்டாம் உலகப் போரின்போது மவுன்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கைக்கு இடம்பெயர்ந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் இன்னும் தூரத்திலும் கிடந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்குச் செய்தியும் பாட்டும் கொடுக்க ‘ரேடியோ சியாக்’ என்ற நிலையம் கொழும்பில் நடந்தது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைக் கருவி ஒன்றை நிறுவினார்கள். அது முழுதாக வேலைசெய்யத் தொடங்கியபோது போர் முடிந்திருந்தது. படைகள் ஊர் திரும்பின. 1949-இல் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது.

வீட்டை விட்டு வெகுதூரம் வந்த இளைஞர்களுக்குப் பாட்டுப் போடுவதற்கென்றே பிறந்த கருவி அது. பின்னால் அது செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான், ஆட்கள்தான் வேறு.

சிற்றலையின் இயல்பை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் பாதி அதில் இருக்கிறது. சிற்றலை நிலத்தோடு ஊர்ந்து போவதில்லை. மேலே அயனி மண்டலம்வரை போய், அங்கே மடங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் தரையிறங்கும். நடுவில் இருக்கும் ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். கொழும்பிலிருந்து பம்பாய் சுமார் 1,500 கிலோமீட்டர், டெல்லி சுமார் 2,400. சிற்றலைக்கு வாகான தூரம். அதனால்தான் பக்கத்திலிருக்கும் ராமநாதபுரத்தைவிடப் பாட்னாவில் கொழும்பின் சிற்றலை நன்றாகக் கேட்பது நடக்கக்கூடியதாக இருந்தது. மண்டலத்தின் நிலை மாற மாற ஒலி எழும்பித் தணியும், சரணத்தின் நடுவில் பாட்டு தூரப்போய்த் திரும்பிவரும். அந்தக் காலத்து நேயர்களுக்கு அந்த அலையடிப்பே பாட்டின் ஒரு பகுதி. அதே பாட்டைத் துல்லியமான பதிவில் கேட்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1950 செப்டம்பர் 30-ஆம் தேதி ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அதை வழிநடத்தியவர் காமன்வெல்த் நாடுகளின் உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட். சின்ன நாடு, பெரிய கருவி. உள்ளூர் விளம்பரத்தை மட்டும் நம்பி அதை ஓட்ட முடியாது என்பது தெரிந்ததுதான். வடக்கே ஒரு பெரிய சந்தை இருந்தது, அங்கே அரசு வானொலியில் விளம்பரத்துக்கு இடமில்லை. பாட்டுக்கும் இடமில்லாமல் போகும் என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது.

டெல்லி சாத்திய கதவு

1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். முறையாகச் சங்கீதம் பயின்றவர். சினிமாப் பாட்டு மலிவானது, மேல்நாட்டு மெட்டுகளைக் காப்பியடிப்பது, இளைஞர்களின் காதைக் கெடுப்பது என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஆகாசவாணியில் படப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார். பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது விளம்பரம் என்றார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் ஆகாசவாணியிலிருந்து படப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது.

கேஸ்கரை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமில்லை. சமஸ்தானங்கள் மறைந்து, ஆதரித்த கைகள் இல்லாமல் வித்வான்கள் தவித்த நேரத்தில் அவர்களுக்கு மாதச் சம்பளமும் மேடையும் கொடுத்தது ஆகாசவாணிதான். 1952 ஜூலையில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி தெற்கத்திக் கச்சேரியை வடக்கேயும் வடக்கத்திக் கச்சேரியை இங்கேயும் கொண்டுவந்தது. அந்தப் பாதி நல்ல காரியம், இன்றுவரை பலன் தருவது. மற்ற பாதியில்தான் தவறினார். ஒரு இசையைக் கொடுப்பதற்கு இன்னொன்றைப் பறிக்க வேண்டும் என்று நினைத்தார். சினிமாப் பாட்டுக்கு மாற்றாக மெல்லிசைப் பிரிவுகளை உண்டாக்கி, நல்ல கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் வைத்துப் பாட்டுகள் செய்தார்கள். அவற்றில் அழகான பாட்டுகள் உண்டு. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நேற்று கொட்டகையில் கேட்ட பாட்டு இன்று வேண்டும். “அது வேண்டாம், இதைக் கேள்” என்று சொன்னால் அவன் கை குமிழை நோக்கித்தான் போகும்.

போனது. பத்து ரேடியோப் பெட்டியில் ஒன்பது சிலோனில் நிற்கிறது, பத்தாவது ரிப்பேரில் இருக்கிறது என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. எண்ணிக்கையை மறந்துவிடக் கூடாது: சுதந்திரம் வந்தபோது நாடு முழுக்க உரிமம் பெற்ற பெட்டிகள் சுமார் 2.75 லட்சம், அவ்வளவுதான். ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு வீடு, சில சமயம் ஒரு தெரு. டீக்கடையும் வெற்றிலைபாக்குக் கடையும் பெட்டியை வாசல் பக்கம் திருப்பிவைத்தால் அது ஊர்ப்பெட்டி.

பம்பாயில் பேசி, கொழும்பிலிருந்து கேட்டது

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பலருக்குத் தெரியாது. ரேடியோ சிலோனின் புகழ்பெற்ற இந்தி நிகழ்ச்சிகளில் பல கொழும்பில் தயாராகவில்லை. பம்பாயில் டேனியல் மோலினா நடத்திய நிறுவனம் விளம்பரதாரர்களைப் பிடித்து, நிகழ்ச்சியைப் பதிவுசெய்து, ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பும். அங்கே அதை ஏக்கலைக் கருவியில் ஏற்றுவார்கள். பம்பாய்க் குரல் கடல் தாண்டிப் போய், வானத்தில் முட்டி, பம்பாய்க்கே திரும்பி வரும். தடையைச் சுற்றிப்போன இவ்வளவு நீளமான வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

பதிவுக்கூடம் இருந்தது செயின்ட் சேவியர் தொழில்நுட்பக் கழகக் கட்டடத்தில். பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அங்கே அடிக்கடி வந்து உட்காருவார். அவர் அண்ணன் ஹமீத் சயானி அங்கே ஆங்கில நிகழ்ச்சிகள் செய்துகொண்டிருந்தார். தம்பி அமீன் சயானி, பிறந்தது 1932 டிசம்பரில். அவர் ஏற்கெனவே ஆகாசவாணியில் இந்தி அறிவிப்பாளர் தேர்வுக்குப் போய்த் தோற்றிருந்தார். உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் வாடையடிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் ஓவல்டின் நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பதிவில் விளம்பரம் படிக்க வேண்டியவர் வரவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த இவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். பிடித்துப்போனது. வாரம் ஒரு ஓவல்டின் டப்பா சம்பளம்.

அவருடைய மொழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த நிகழ்வு விளங்காது. அம்மா குல்சும் சயானி, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்ற பத்திரிகை நடத்தினார். ஒரே விஷயம் தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்துகளில் வரும், மொழி மட்டும் எல்லாருக்கும் புரிகிற எளிய இந்துஸ்தானி. சின்ன வயதில் அந்தப் பத்திரிகை வேலைகளில் கூடமாட உதவியவர் அமீன். வாசகருக்குப் புரியாத ஒரு சொல்லும் இருக்கக் கூடாது என்ற பயிற்சி அவருக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது. அதே நேரத்தில் ஆகாசவாணி இந்தி நாளுக்கு நாள் சமஸ்கிருதம் கூடிக் கனத்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் மேடையிலிருந்து வாசிக்கிற குரல், இன்னொரு பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். எந்த வாடைக்காக டெல்லி அவரை வேண்டாமென்றதோ, அந்தக் கலப்புதான் கேட்டவர்களுக்குச் சொந்தமாகப் பட்டது.

“பெஹ்னோ ஔர் பாயியோ” என்று அவர் கூப்பிடுவார். வழக்கமாக எல்லாரும் ‘சகோதரர்களே, சகோதரிகளே’ என்பார்கள். இவர் அக்கா தங்கைகளை முன்னால் வைத்தார். வீட்டில் பெட்டியைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பேசிய ஆள்.

இந்த வட்டத்திலிருந்து போன இன்னொருவரையும் சொல்லலாம். லிப்டன் தேயிலை நிறுவனத்தின் நிகழ்ச்சியில் நட்சத்திரங்களைப் பேட்டி கண்ட இளைஞர் பிறகு தானே நட்சத்திரமானார். அவர் சுனில் தத்.

9,000 கடிதங்கள்

1952 டிசம்பர் 3, புதன்கிழமை. பினாக்கா பற்பசை விற்ற சிபா நிறுவனத்தின் செலவில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. ஆரம்பத்தில் அரைமணி நேரம்தான். ஹமீத் தம்பியிடம் வேலையை விளக்கினார்: நீயே எழுத வேண்டும், நீயே பேச வேண்டும், வருகிற கடிதங்களையும் நீயே பார்க்க வேண்டும், வாரம் 25 ரூபாய். அவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு அனுபவசாலிகள் யாரும் முன்வராததால்தான் இருபது வயதை எட்டாத பையனுக்கு அது கிடைத்தது.

நிகழ்ச்சியின் அமைப்பு ஒரு போட்டி. வெவ்வேறு வருடங்களில் வந்த ஏழு பாட்டுகளை முன்பின்னாகப் போடுவார்கள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பரிசு நூறு ரூபாய். நாற்பது ஐம்பது கடிதம் வந்தால் பெரிது என்று எதிர்பார்த்தார்களாம். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவை 9,000. ஒரு வருடத்துக்குள் அது வாரத்துக்கு 65,000 ஆனது.

அத்தனையையும் பிரித்து, சரியான விடையா என்று பார்த்து முடிப்பது எந்த மனிதனாலும் ஆகாத காரியம். போட்டியைக் கைவிட வேண்டிவந்தது. 1954 கடைசியில் கீத்மாலா தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது: இந்த வாரம் எந்தப் பாட்டு எந்தப் படியில். இந்திப் படப் பாட்டில் இன்றுவரை நடக்கும் ‘டாப் டென்’ வகையறாவுக்கெல்லாம் மூத்தது இது. அது பிறந்தது ஒருவர் திட்டம் போட்டு அல்ல. கடித மூட்டைகளைச் சமாளிக்க வழி தேடியபோது பிறந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். நேயர்கள் எழுதிக் குவித்ததே நிகழ்ச்சியின் உருவத்தை மாற்றியது.

தரவரிசையை எப்படிப் போட்டார்கள்? முதலில் ஊர் ஊராக இசைத்தட்டுக் கடைகளிடமிருந்து விற்பனைக் கணக்கு வாங்கினார்கள். அதில் ஓட்டை இருந்தது. மக்கள் கேட்கிற தட்டு கடையில் தீர்ந்துபோயிருக்கும், விற்பனையில் அது தெரியாது. கடிதங்களை மட்டும் நம்பினால் படக் கம்பெனிக்காரர்களே ஆள்வைத்துக் கட்டுக்கட்டாக அஞ்சலட்டை போடுவார்கள். அதனால் இன்னொரு வழியைச் சேர்த்தார்கள். அந்த நேரத்தில் வட இந்திய ஊர்களில் ‘ஷ்ரோதா சங்’ என்ற நேயர் மன்றங்கள் முளைத்திருந்தன. நம் ஊர் ரசிகர் மன்றத்துக்கும் நற்பணி மன்றத்துக்கும் நடுவில் வைக்கலாம். அந்த மன்றங்களின் தேர்வையும் விற்பனையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் அமீன் சயானி அதற்கு ஒரு சடங்கையே உருவாக்கினார். தரவரிசை இடத்தை எண்ணால் சொல்லாமல் ‘பாயதான்’, அதாவது படி என்றார். பாட்டு ஒரு படி ஏறும், இரண்டு படி சறுக்கும். குறிப்பிட்ட வாரங்கள் தாக்குப்பிடித்த பாட்டுக்கு ‘சர்தாஜ்’, மகுடம் சூடிய பாட்டு என்று பட்டம் கொடுத்து, கொம்பு ஊதி மரியாதையோடு பட்டியலிலிருந்து வழியனுப்புவார்கள். மூன்று நிமிடத் தட்டில் இருந்த பாட்டுக்கு இப்படி ஒரு ஆயுள் கிடைத்தது. பிறப்பு, ஏற்றம், இறக்கம், ஓய்வு. விடுதிப் பிள்ளைகள் பந்தயம் கட்டியது இதில்தான். அடுத்த புதன்கிழமைவரை பேசுவதற்கு ஒரு விஷயம் கையில் இருந்தது.

இந்தக் கடிதப் பழக்கம் எதுவரை போனது என்பதற்கு ஜும்ரி தலையா சாட்சி. அன்றைய பிகாரில், இன்றைய ஜார்க்கண்டில், அபிரகச் சுரங்கங்களை ஒட்டிய சிற்றூர். ரேடியோ சிலோனின் நேயர் விருப்பத்துக்கும் பிறகு ஆகாசவாணியின் பாட்டுச் சேவையான விவித பாரதிக்கும் அங்கிருந்து மலைபோல் அஞ்சலட்டைகள் வரும். அறிவிப்பாளர் வாயில் ‘ஜும்ரி தலையாவிலிருந்து’ என்ற சொல் வராத நாளே கிடையாது. கடைசியில் அப்படியொரு ஊரே இல்லை, வானொலிக்காரர்கள் சும்மா சொல்கிறார்கள் என்று பல பேர் நம்பிவிட்டார்கள். வரைபடத்தில் தேடினால் கிடைக்காத ஒரு ஊர்ப் பிள்ளை காலணா அரையணா சேர்த்து அட்டை வாங்கி எழுதுகிறான். சில வாரம் கழித்து, கடலுக்கு அப்பாலிருக்கும் நகரத்திலிருந்து அவன் பெயரும் ஊர்ப் பெயரும் நாடு முழுக்கக் கேட்கிறது. அவனுக்குப் பாட்டுகூட இரண்டாம் பட்சமாக இருந்திருக்கலாம்.

தமிழ்ப் பக்கம்

கேஸ்கரின் கெடுபிடி சென்னை, திருச்சி நிலையங்களுக்கும் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுக்குக் கொழும்பு வந்த விதம் வேறு. மேலே சொன்ன மாதிரி சிற்றலை நம்மைத் தாண்டிக் குதிக்கும். தென் மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் கொழும்பை மத்திய அலையிலேயே, உள்ளூர் நிலையம் போலக் கேட்க முடிந்தது. கடல் நீர் மத்திய அலைக்கு நல்ல பாதை. ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம். இந்தியில் பம்பாய்க் குரல் கொழும்பு வழியாகத் திரும்பி வந்தது. தமிழில் பேசியவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். பாட்டு கோடம்பாக்கத்தில் பிறந்தது, அதைச் சுற்றிய பேச்சு இலங்கையில் பிறந்தது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் மூச்சுவிடாத வேகமும் குறும்பும் தமிழகத்துக் காதுக்குப் புதியவை. பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று வரிசையாக வந்தார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ என்றால் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டிய நேரம் என்று அர்த்தம். படப் பாட்டை எடுத்துத் தமிழ் எழுத்துக்கான விளையாட்டாக மாற்றிய அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பிறகு தொலைக்காட்சிவரை வந்து நம் பிள்ளைகளையும் பாடவைத்தது.

‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்ற நீளமான பெயரைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் மூச்சுப்பிடித்துச் சொல்லிப் பழகியது நினைவிருக்கும். 1967-க்குப் பிந்திய பெயர் அது. நாம் ‘கார்ப்பரேஷன்’ என்போம், அவர்கள் ‘கூட்டுத்தாபனம்’ என்றார்கள். ‘நேயர்’ என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் நாள் முழுக்கப் புழங்கினார்கள். படப் பாட்டுக்கு நடுவில் இவ்வளவு சுத்தமாகவும் இவ்வளவு இயல்பாகவும் தமிழ் பேச முடியும் என்று நமக்குக் காட்டியது அந்த வானொலி. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இன்றைய பண்பலை அறிவிப்பாளர்கள் அந்தப் பழைய பதிவுகளை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தமிழ் நேயர்களைப் பிடித்துவைத்ததும் அதே பழக்கம்தான். பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், கடிதத்தில் இருக்கும் பெயர்களை ஒன்று விடாமல் வாசிப்பது. ஒரு பாட்டுக்கு விரும்பிக் கேட்டவர்கள் பட்டியல் சில சமயம் பல்லவியைவிட நீளமாக இருக்கும். ஒரு வீட்டில் அக்கா, தம்பி, பக்கத்து வீட்டு நண்பர்கள் எல்லார் பெயரும் வரிசையாக வரும். கேட்டவன் அடுத்த நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பான்.

கதவு திறந்த பிறகு

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். தடைதான் முழுக் காரணம் என்றால், தடை போனதும் கூட்டமும் போயிருக்க வேண்டும். 1957 அக்டோபர் 3-ஆம் தேதி டெல்லி தன் தவறை ஒத்துக்கொண்டது மாதிரி விவித பாரதியைத் தொடங்கியது. கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தான். நரேந்திர சர்மா போன்ற கவிஞர்கள் பொறுப்பில் இருந்தார்கள். பாட்டுகளும் அதே பாட்டுகள், நிலையமும் சொந்த நாட்டில். நிறையப் பேர் அந்தப் பக்கம் திரும்பினார்கள், உண்மைதான். ஆனால் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மறுபடி கொழும்புக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் கீத்மாலா சிலோனிலேயே நடந்தது. விவித பாரதியிலும் அதே பாட்டுகள் கிடைத்தன, ஆனால் அந்த வாரப் பந்தயமும் அந்தப் படிகளும் அந்தக் குரலும் கொழும்பில்தான் இருந்தன.

உண்மையான அடி 1967-இல் விழுந்தது. அந்த வருடம் விவித பாரதி பம்பாய், புனே, நாக்பூர் நிலையங்களில் விளம்பரத்தை அனுமதித்தது. அதுவரை இந்திய நிறுவனங்கள் வானொலியில் சரக்கை விற்க வேண்டுமென்றால் கொழும்புதான் வழி. இப்போது வாசலிலேயே கடை திறந்துவிட்டது. கொழும்பை விட்டு முதலில் நகரத் தொடங்கியவர்கள் நேயர்கள் அல்ல, விளம்பரதாரர்கள். ரேடியோ சிலோனின் பலவீனம் அங்கே தெரிந்தது. பாட்டு இன்னொரு நாட்டுடையது, கேட்பவர்கள் இன்னொரு நாட்டவர், காசும் இன்னொரு நாட்டிலிருந்து வந்தது. கொழும்புக்குச் சொந்தமாக இருந்தவை கருவியும், தட்டு நூலகமும், அங்கே உட்கார்ந்து பேசிய மனிதர்களும்தான்.

அந்த மனிதர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய படப் பாட்டு நிகழ்ச்சியில் தினமும் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் கடைசிப் பாட்டாக அந்தக் காலத்து இந்திப் பாடகர் கே.எல். சைகலின் பாட்டு ஒன்றைப் போடும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். சைகல் இறந்தது 1947-இல். அவரைப் பார்த்தே இராத பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள்.

கையடக்க டிரான்சிஸ்டர் வந்து பெட்டிமுன் கூடிய கூட்டத்தைக் கலைத்தது. தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒலிநாடா, அப்புறம் தொலைக்காட்சியில் ஒளியும் பாட்டும். பற்பசையும் பினாக்காவிலிருந்து சிபாக்காவாகப் பெயர் மாறியது, நிகழ்ச்சியின் பெயரும் கூடவே மாறியது.

1989-இல் கீத்மாலா கொழும்பை விட்டு விவித பாரதிக்கு வந்தது. உச்சரிப்பு சரியில்லை என்று இளைஞனாகத் திருப்பி அனுப்பப்பட்ட அமீன் சயானி, ஐம்பத்தாறு வயதில், அதே ஆகாசவாணியின் அலைவரிசையில் அதே “பெஹ்னோ ஔர் பாயியோ” என்று தொடங்கினார். 1994 வரை அது நடந்தது. 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி பம்பாயில் அவர் காலமானபோது வயது 91. அன்று அஞ்சலி எழுதியவர்களில் பலர் பாட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எந்த ஊரில், யார் வீட்டுப் பெட்டியில், யார் யாரோடு உட்கார்ந்து கேட்டோம் என்றுதான் எழுதினார்கள்.